உடன்நோயும் புற்றுநோயாளர் ஆயுளும்: ஒரு கணக்குப் பாடம்

புற்றுநோய் கண்டவர் யாவரும் அந்நோயினாலேயே மடிவதில்லை. அவர்களுள் பலர் முதியோர்; நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், காசநோய் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ முன்னரே உடையவர்கள். இவ்வாறு ஒரு முக்கிய நோயுடன் கூடவே குடியிருக்கும் பிற நோய்களை ‘உடன்நோய்’ என வழங்குவோம். உடன்நோயானது புற்றுநோயாளரின் ஆயுளை எவ்வளவு குறைக்கின்றது என்பது எளிய கேள்விபோலத் தோன்றும். ஆயின் ஒரே ஏட்டினின்று இக்கேள்விக்கு மூன்று விடைகள் பெறலாம்; மூன்றும் கணக்கில் பிழையற்றவையே. எது எக்கேள்விக்குரிய விடை என்பதையும், வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் ஊழியர் நிரப்பும் ஒரு சிறு கட்டம் அவ்விடைகளை எவ்வாறு மாற்றிவிடக் கூடும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

ஹைதராபாத்தின் வடகிழக்கே ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. 1967இல் தோன்றிய ஈ.சி.ஐ.எல். என்னும் மத்திய சர்க்காரின் மின்னணுத் தொழிற்சாலையை நிறுவி நடத்திய பௌதிக அறிஞர் ஐயகாரி சாம்பசிவ ராவின் பெயரை அந்நகர் தாங்கி நிற்கின்றது. அங்கே ஓய்வுபெற்ற தமிழ் ஊழியர் ஒருவரின் மனைவியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 62, பத்தாண்டுகளாக நீரிழிவு உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டு, அறுவையும் மருந்தும் முடிந்து, நான்காம் ஆண்டில் ஒரு விடியற்காலை நெஞ்சுவலி வந்து வீட்டிலேயே இறந்துபோகின்றார். மூன்று மாதம் கழித்து ஒரு ஊழியர் படிவத்துடன் கதவைத் தட்டுகின்றார்.

“அம்மா எதனால் காலமானார்கள், சார்?”

“கான்சர்தான், வேறென்ன?” என்கிறார் மகன்.

மகன் பொய் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் அக்குடும்பத்தின் நினைவு முழுவதையும் நிரப்பியிருந்தது அந்த ஒரு சொல்லே. நீரிழிவைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. இவ்விடையை ஊழியர் அப்படியே எழுதிக்கொண்டு சென்றால் நேர்வது யாது என்பதே நம் பாடத்தின் மையம்.

இது ஹைதராபாத்திற்குப் புறம்பான ஆராய்ச்சியன்று. 2000ஆம் ஆண்டில் நடந்து 2001இல் வெளியான தேசிய நகர்ப்புற நீரிழிவு ஆய்வில், ஆறு பெருநகரங்களுள் ஹைதராபாத்தே முதலிடம் பெற்றது. அங்கு வயது வந்தோருள் 16.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. சென்னையில் அது 13.5 சதவீதம். மார்பகப் புற்றுநோயின் கதையும் இத்தகையதே. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையில், ஓர் இலட்சம் பெண்களுக்கு 48.0 என்னும் வயது சீராக்கிய வீதத்துடன் ஹைதராபாத்து மாவட்டம் இந்தியப் பதிவகங்களுள் முதலில் நின்றது, அடுத்தது 42.2 என்னும் வீதத்துடன் சென்னை. இரண்டு நோய்களும் மிகுந்த நகரில் இரண்டும் ஒருவரிடமே சேர்வது அரிதாக இராது.

ஈண்டு ஊழியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏ.எஸ்.ராவ் நகர் பேச்சுவழக்கில் ஹைதராபாத்தேயாயினும், நிர்வாகத்தில் மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2016இல் அம்மாவட்டம் பிரிக்கப்படுமுன் ரங்காரெட்டி மாவட்டத்தில் இருந்தது. மேற்சொன்ன 48.0 என்னும் வீதமோ ஹைதராபாத்து மாவட்டத்திற்கு உரியது. ஆதலின் நம் பெண்மணி நகரின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தாலும், அந்த வீதத்தின் தொகுதியிலும் பகுதியிலும் அவருக்கு இடமில்லை. மருத்துவமனைப் பதிவேடு அவரைக் கணக்கிடும். அம்மாவட்டத்தின் மக்கள்தொகைப் பதிவகம் கணக்கிடாது. முகவரியை ‘ஹைதராபாத்’ என ஒரே சொல்லில் எழுதுவது எத்துணைத் தவறென்பது இதனால் விளங்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

புற்றுநோயாளர் குழு ஒன்றை ஆண்டாண்டாகத் தொடர்ந்து நோக்குங்கால், எல்லாரையும் இறுதிவரை காண இயலாது. சிலர் ஊர் மாறிவிடுவர்; சிலருக்கு நோக்குங்காலம் முடியும்போது உயிர் இருக்கும். இத்தகையோரை எறிந்துவிடாமல், அவர்களைக் கண்டிருந்த நாள்வரை கணக்கில் வைத்து அதன்பின் விலக்கும் முறையைக் காப்லான், மையர் என்னும் இருவர் 1958இல் செம்மைப்படுத்தினர். கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்திய வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது காப்லானின் கவலை. புற்றுநோயாளர் எவ்வளவு காலம் வாழ்வர் என்பது மையரின் கவலை. மின்னணுக் கருவிகள் செய்யும் ஒரு நகரத்தாருக்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது. குழாய்க்கும் மனிதனுக்கும் ஒரே கணக்கு பொருந்திற்று.

இம்முறை ஒரு நிபந்தனையின்மீது நிற்கின்றது. இடையில் விலகியவர், விலகாது நின்றவரைப் போன்றவரே என்று கொள்ள வேண்டும். ஊர் மாறியவர் விஷயத்தில் இதனை ஓரளவு ஏற்கலாம். இருதய நோயால் இறந்தவரையும் ‘விலகியவர்’ எனக் கொண்டால்? அவர் வேறோர் ஊரில் வாழ்ந்துகொண்டு, இனிப் புற்றுநோயால் இறக்கக்கூடியவராகவே இருக்கிறார் என்று கணக்கு எண்ணிக்கொள்கின்றது. இறந்தவர் மீண்டும் இறப்பதில்லையன்றோ?

இதனை எண்களால் காண்போம். கீழ்வருவன பாடத்திற்காக வேண்டுமென்றே மிகைப்படுத்திய கற்பனை எண்கள். புற்றுநோய் கண்ட பெண்களில் நீரிழிவு இல்லாதோர் 1,000 பேர், உள்ளோர் 1,000 பேர் எனக் கொள்க. எவரும் ஊர் மாறவில்லை.

நீரிழிவு இல்லாத குழு:
முதல் ஆண்டு: தொடக்கத்தில் 1,000, புற்றுநோயால் இறந்தோர் 100, பிற காரணத்தால் 50.
இரண்டாம் ஆண்டு: தொடக்கத்தில் 850, புற்றுநோயால் 85, பிற காரணத்தால் 35.
மூன்றாம் ஆண்டு: தொடக்கத்தில் 730, புற்றுநோயால் 73, பிற காரணத்தால் 27.
எஞ்சியோர் 630.

நீரிழிவு உள்ள குழு:
முதல் ஆண்டு: தொடக்கத்தில் 1,000; புற்றுநோயால் 100; பிற காரணத்தால் 200.
இரண்டாம் ஆண்டு: தொடக்கத்தில் 700, புற்றுநோயால் 70, பிற காரணத்தால் 130.
மூன்றாம் ஆண்டு: தொடக்கத்தில் 500, புற்றுநோயால் 50, பிற காரணத்தால் 100.
எஞ்சியோர் 350.

முதல் விடை: காரணத்தைப் பாராது எல்லா இறப்புகளையும் எண்ணுக. முதலாண்டில் ஒரு குழுவில் நூற்றுக்கு 15 பேர், மற்றதில் 30 பேர் இறந்தனர். பிந்திய ஆண்டுகளிலும் ஏறத்தாழ இதே விகிதம். எனவே ‘நீரிழிவு புற்றுநோயாளரின் இறப்பை இருமடங்காக்குகின்றது’ எனலாம்.

இரண்டாம் விடை: ஆண்டின் தொடக்கத்தில் உயிருடன் இருந்தோருள் புற்றுநோயால் இறந்தோரின் பங்கை மட்டும் நோக்குக. இரு குழுக்களிலும் ஒவ்வோர் ஆண்டிலும் அது சரியாகப் பத்தில் ஒன்று. எனவே ‘நீரிழிவு புற்றுநோயின் வேகத்தைச் சிறிதும் மாற்றவில்லை’ எனலாம்.

மூன்றாம் விடை: மூன்று ஆண்டுகளில் புற்றுநோயால் இறந்தோரின் மொத்தத்தைக் கூட்டுக. நீரிழிவு இல்லாதோருள் 258, உள்ளோருள் 220. எனவே நீரிழிவு உள்ளோர் புற்றுநோயால் இறப்பது குறைவு! அவசரக்காரர் ஒருவர் இதைக்கொண்டு நீரிழிவு புற்றுநோய்க்குக் காவல் என்றும் எழுதிவிடக் கூடும். உண்மையில் நிகழ்ந்தது, புற்றுநோய்க்கு இரையாகுமுன் பலரை வேறொரு காரணம் கொண்டுபோயிற்று என்பதே.

பிற காரணத்தால் இறந்தோரை ஊர் மாறியோர்போல விலக்கினால், இரு குழுக்களிலும் மூன்றாண்டுப் புற்றுநோய் மரணம் ஆயிரத்துக்கு 271 என வரும். பத்தில் ஒன்பது பங்கை மும்முறை பெருக்கி ஆயிரத்தினின்று கழித்துப் பார்க்கலாம். மெய்யாக எண்ணிய பிணங்களோ 258உம் 220உமே. 271 என்பது, பிற காரணங்கள் யாவும் உலகினின்று நீங்கிவிட்டால் நிகழக்கூடியது என்னும் ஒரு கற்பனை. இக்கற்பனை பழமையானது: அம்மை நோய் அடியோடு ஒழிந்தால் மக்களின் ஆயுள் எவ்வளவு கூடும் எனத் தானியேல் பெர்னௌலி 1760இல் பாரிஸ் அறிஞர் கழகத்தின்முன் கணக்கிட்டு, சுமார் 3 ஆண்டுகள் என்றார். ஆயின் அக்கற்பனை மெய்யாகுமா என்பதைத் திரட்டிய தரவினின்று மட்டும் சோதிக்க வழியில்லை என 1975இல் கணித முறையில் நிறுவப்பட்டுவிட்டது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் புளியங்கொட்டைகளைக்கொண்டே காட்டலாம். இரண்டு கிண்ணங்களில் நூறு நூறு கொட்டைகள். ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதில் பத்தில் ஒன்றை ஒரு மாணவர் எடுக்கட்டும். இரண்டாம் கிண்ணத்தினின்று மட்டும் வேறொரு மாணவர் ஒவ்வொரு சுற்றிலும் மேலும் ஒரு பிடி எடுக்கட்டும். முதல் மாணவர் ஒரே விதிப்படி எடுத்தும் இரண்டாம் கிண்ணத்தினின்று அவருக்குக் குறைவாகவே கிடைப்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் உணர்வான். சூத்திரத்தைப் பின்னர்க் கற்பிக்கலாம்.

மூன்று விடைகளுள் எது வேண்டும்? நோய்க்கூற்றை ஆராய்பவருக்கு இரண்டாவது. நீரிழிவு புற்றுக்கட்டியையே வேகமாக வளர்க்கின்றதா என்பது அவர் கேள்வி. எத்தனை பேர் எதனால் இறப்பர், எத்தனை படுக்கைகள் வேண்டும் எனத் திட்டமிடும் அதிகாரிக்கும், ‘எனக்கு என்ன ஆகும், டாக்டர்?’ எனக் கேட்கும் நோயாளிக்கும் மூன்றாவது. இதற்கென 1999இல் ஃபைன், கிரே என்னும் இருவர் அமைத்த மாதிரி இன்று பெருவழக்காயிற்று. முதல் விடை காரணக் கட்டத்தை நம்பாதது ஆதலின் மிக உறுதியானது, ஆனால் கலப்படமானது. உலகில் வெளியான பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழ் வெளியிட்ட கட்டுரை, முன்னரே நீரிழிவு உடைய புற்றுநோயாளர் இறக்கும் வீதம் 1.41 மடங்கு என்றது. அடிக்கடி எடுத்தாளப்படும் அந்த எண் எல்லாக் காரணங்களின் இறப்பையும் பற்றியது. ‘நீரிழிவு புற்றுநோயை 41 சதவீதம் கொடியதாக்குகின்றது’ என அதைச் சொல்வது தவறான வாசிப்பு.

இப்போது அம்மகனின் விடைக்குத் திரும்புவோம். நம் அட்டவணையில் நீரிழிவுக் குழுவின் முதலாண்டுப் பிற மரணங்கள் 200இல் 50 மட்டும் ‘கான்சர்தான்’ என எழுதப்பட்டன எனக் கொள்க. புற்றுநோய் மரணம் 100இலிருந்து 150 ஆகும். பத்தில் ஒன்றாக இருந்த வீதம் நூற்றுக்குப் பதினைந்தாகும். இரு குழுக்களின் விகிதம் ஒன்றினின்று ஒன்றரைக்குத் தாவும். நீரிழிவு புற்றுநோயை வேகப்படுத்துவதாக ஒரு கண்டுபிடிப்பு பிறந்துவிடும்! எந்தக் கம்ப்யூட்டரும் இதைப் பிடிக்காது. ஏனெனில் கணக்கில் பிழை இல்லை. ஐம்பது கதவுகளில் கேட்ட ஒரு கேள்வியில் பிழை.

மரணக் காரணச் சான்றிதழின் அமைப்பு இதற்கெனவே ஏற்பட்டது. அதன் முதற்பகுதியில் உடனடிக் காரணமும், அதற்கு இட்டுச்சென்ற காரணங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கடைசி வரியில் நிற்பதே அடிப்படைக் காரணம். இரண்டாம் பகுதியில், மரணத்திற்குத் துணைபோன, ஆனால் அச்சங்கிலியில் சேராத நோய்கள் வரும். ‘இருதயம் நின்றது’, ‘மூச்சு நின்றது’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ்கள் பயனற்றவை. எல்லா மனிதருக்கும் இறுதியில் இருதயம் நிற்கத்தான் செய்கின்றது.

பல காரணிகளை ஒருங்கே வைத்து ஆராயும் முறையை 1972இல் டேவிட் காக்ஸ் தந்தார். வயது, நோயின் கட்டம், உடன்நோய் ஆகிய ஒவ்வொன்றும் இறப்பு வீதத்தை எத்தனை மடங்காக்குகின்றது என்பதை அம்மாதிரி பிரித்துக் கூறும். இதில் நம் நாட்டவர் பெருமைகொள்ளத்தக்க ஓர் இணைப்புண்டு. 1948இல் சி.ஆர்.ராவ் வகுத்த ‘ஸ்கோர்’ சோதனையை, ‘உண்டு–இல்லை’ என்னும் ஒரே காரணியுள்ள காக்ஸ் மாதிரியில் இட்டால், இரு குழுக்களின் ஆயுளை ஒப்பிட 1966இல் மேண்டல் தந்த சோதனையே திரும்பக் கிடைக்கின்றது (இருவர் ஒரே கணத்தில் இறவாத பட்சத்தில்). 2023இல் மறைந்த அவ்வறிஞரின் பெயரால் ஹைதராபாத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கணித, புள்ளியியல் நிலையம் இயங்கிவருகின்றது. காக்ஸ் மாதிரியின் விடையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டே நெருங்க வேண்டும். பெரிய ஏடுகளுக்குக் கைக்கணக்கு உதவாது. ஈ.சி.ஐ.எல். 1969இல் டி.டி.சி.-12 என்னும் கம்ப்யூட்டரை வெளியிட்ட நகரில் இதனைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

மாதிரியில் எதைச் சேர்ப்பது என்பதில் பொதுவாக நிகழும் தவறொன்றைச் சொல்ல வேண்டும். இருதய நோய் உடையவருக்கு டாக்சோருபிசின் என்னும் மருந்தைத் தர மருத்துவர் தயங்குவர். சிறுநீரகம் பழுதுற்றவருக்குச் சிஸ்பிளாட்டின் தர அஞ்சுவர். மருந்துடன் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுமாதலின் நீரிழிவுடையாருக்கு முறை தள்ளிப்போகலாம். அஃதாவது, உடன்நோய் கொல்லும் வழிகளுள் ஒன்று, சிகிச்சையைக் குறைப்பது. சிகிச்சையையும் ஒரு காரணியாக மாதிரியில் இட்டு ‘சமன்செய்துவிட்டால்’ அவ்வழி மூடப்பட்டு, உடன்நோயின் தீமை குறைந்து தோன்றும். முழுத் தீமையை அறிய வேண்டின் சிகிச்சையை இடாதொழிக. சிகிச்சை தவிர்த்த எஞ்சிய வழிகளை மட்டும் அறிய வேண்டின் இடுக, அதனையும் மிக்க எச்சரிக்கையோடு.

உடன்நோயைப் பதிவது எப்படி? நியூயார்க் மருத்துவமனையொன்றின் 559 நோயாளிகளைக்கொண்டு சார்ல்சன் குழுவினர் 1987இல் ஒரு மதிப்பெண் முறை அமைத்து, அதனை 685 மார்பகப் புற்றுநோயாளரிடம் சோதித்தனர். சிக்கலற்ற நீரிழிவுக்கு 1, உறுப்புகளைக் கெடுத்த நீரிழிவுக்கு 2 என்றவாறு கூட்டிச் செல்வது. எளிமை கருதி உலகெங்கும் வழங்குகின்றது. ஆயின் அதன் பட்டியலில் காசநோய் இல்லை. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளர் சிலர் காசநோயெனக் கருதப்பட்டு அதற்கே மருந்துண்டு மாதங்களை இழக்கின்றனர். அத்தகைய நாட்டில் இப்பட்டியலை அப்படியே ஏற்பது, பிறர் அளவில் தைத்த சட்டையை அணிவதாகும். மதிப்பெண்ணைப் பின்னர் எவரும் கூட்டிக்கொள்ளலாம்; ஊழியர் நோய்களைத் தனித்தனியே எழுதுவதே நன்று.

எழுதும்போது நாள் முக்கியம். புற்றுநோய் உறுதிப்பட்ட அன்று இருந்த நோய்களையே உடன்நோயாகக் கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில் கண்டறிந்த நீரிழிவையும் தொடக்க நாளிலேயே இருந்ததாக எழுதினால், அந்நோயாளி மூன்று ஆண்டுகள் வாழ்ந்ததே அந்நோய்க்கு வரவாகிவிடும். நீரிழிவு ஆயுளைக் கூட்டுவதுபோல ஏடு காட்டும். அன்றியும், ‘இல்லை’ என்பது வேறு. ‘சோதிக்கவில்லை’ என்பது வேறு. தமக்கு நீரிழிவு இருப்பதை அறியாதோர் நம் நாட்டில் ஏராளம். கட்டத்தைக் காலியாக விட்டால், அட்டவணை ஆக்குபவர் அதனை ‘இல்லை’ என்றே படிப்பர். நோயாளர் சிலர் நலமுற்றோர் குழுவில் நுழைந்து, இரு குழுக்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை மழுங்கச் செய்வர்.

வீட்டுக் கதவைத் தட்டுவது வீண் அலைச்சலென எண்ணும் ஊழியர்களுக்குச் சென்னையின் அனுபவம் விடையளிக்கும். 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் சென்னை மாநகர்ப் பதிவகத்தை ஏற்று நடத்திவருகின்றது. மருத்துவமனைக்குத் திரும்பி வாராதோரையும் இறப்புப் பதிவேட்டில் பெயர் பொருந்தாதோரையும் கடிதத்தாலும் நேரிற் சென்றும் தேடுவது அதன் வழக்கம். அங்குள்ள சுவாமிநாதன், ராமா, சாந்தா ஆகியோர் உலக சுகாதார நிறுவன இதழில் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இத்தேடல் இல்லாதிருப்பின் ஐந்தாண்டு உயிர்வாழ் வீதம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றியிருக்கும் என எடுத்துக் காட்டிற்று. காணாமற் போனோரை உயிருள்ளோராக எண்ணுவதால் வரும் பொய் அது. உடன்நோய் உள்ளோர் மருத்துவமனைக்கு வர இயலாமையால் அதிகமாகக் காணாமற் போவாராயின், அப்பொய் இரு குழுக்களிலும் சமமாகவும் பரவாது.

காரணக் கட்டத்தின் தொல்லையினின்று தப்ப ஒரு வழி உண்டு: நோயாளரின் ஆயுளை, அதே வயதுப் பொதுமக்களின் ஆயுள் அட்டவணையோடு ஒப்பிட்டு, மிகுதியான இறப்பைப் புற்றுநோயின் பங்காகக் கொள்வது. ஊரின் முழுக்கணக்குக்கு இது நன்று. நீரிழிவுக் குழுவுக்கு மட்டும் பொருந்தாது. பொதுமக்களின் அட்டவணை பெரும்பாலும் நீரிழிவு இல்லாதோரின் அட்டவணை. அதனோடு ஒப்பிட்டால் நீரிழிவால் நேர்ந்த மிகுதியும் புற்றுநோயின் கணக்கில் ஏறிவிடும். நீரிழிவுடையோருக்கெனத் தனி ஆயுள் அட்டவணை வேண்டும்.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் நின்ற ஊழியர் உடனே எழுதிவிடவில்லை எனக் கொள்வோம். “கடைசி நாளில் என்ன நடந்தது, சார்? அம்மாவுக்குச் சர்க்கரை எந்த வருஷத்திலிருந்து? டாக்டர் கொடுத்த சீட்டு இருக்கிறதா?” என மூன்று கேள்விகள் கேட்கின்றார். மகன் உள்ளே சென்று ஒரு பையைக் கொணர்கின்றார். முதற்பகுதியில்: மாரடைப்பு, அதன்கீழ் இருதய இரத்தக் குழாய் நோய், அதன்கீழ் நீரிழிவு, 14 ஆண்டுகள். இரண்டாம் பகுதியில்: மார்பகப் புற்றுநோய், 4 ஆண்டுகள். ஊழியர் அவற்றை அவ்வரிசையிலேயே படி எடுத்து, கண்டறிந்த நாளையும் இறந்த நாளையும் சரிபார்த்து, முகவரியில் மாவட்டத்தின் பெயரையும் சேர்க்கின்றார்.